முதுகைத் திருப்பிக் கேட்டது

கடலூரில் நான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பாண்டில் இப்போது இரண்டாவதாக ஒரு பாஸ் கிளாரினெட் வாங்கியிருக்கிறார்களாம். போன வாரம் செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு வந்த டிரம்பெட்காரர் சொன்னார்.

"பெரிசு திடீர்னு நின்னுபோச்சுன்னா எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கணும்னு ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துடுங்க. நீங்க போனப்புறம் அந்தப் பழைய கிளாரினெட்டைப் பிரிச்சு மாட்ட எங்கள்ல யாருக்கும் தைரியம் வரலை" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே அவ்வளவு கவலையில்லை. ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ண எடுத்து வாசிச்சுப் பார்த்துக்கலாம்" என்று சிரித்தார்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. கண் மங்கியதால் போன ஆனியோடு வேலையை விட்டேன். அவர் கேட்டபடி எழுத உட்கார்ந்து நான்கு பக்கம் ஒழுங்காக எழுதினேன். ஐந்தாவது பக்கத்தில் அடி ஸ்வரம் நிற்பதைப் பற்றி எழுத வேண்டும். அதற்காகப் பழைய பதிவேட்டைப் பிரித்தேன். ஒரே கருவிக்கு, ஒரே குறைக்கு, ஏழு மாதத்தில் நான்கு பதிவுகள். நான்கும் என் கையெழுத்தில் இருக்கின்றன. நான்கிலும் காரணம் என்று எழுதியிருப்பது தப்பு. அதைச் சொல்லாமல் அந்த நோட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பாண்டில் சேருவதற்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் ஹார்மோனியம் பழுது பார்க்கும் கடையில் ஏழு வருஷம் இருந்தேன். துருத்தி ஒட்டுவது, பித்தளை நாக்கை ராவிச் சுருதி சேர்ப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டது. யுத்த காலத்தில் அந்தக் கடையை மூடினார்கள். பழைய டவுனில் இருந்த பாண்டுக்கு ஒரு ரிப்பேர்காரர் வேண்டியிருந்தது. போனேன்.

அந்த பாண்டை நடத்தியவர் பெருமாள்சாமி மாஸ்டர். பட்டாளத்து பாண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளை டிரில் கோட்டு, இரண்டு கையும் எப்போதும் முதுகுக்குப் பின்னால். யார் தப்பாக வாசித்தாலும் திட்ட மாட்டார். "மறுபடி" என்பார். பத்துத் தடவை தப்பு செய்தால் பத்துத் தடவையும் அதே குரலில் "மறுபடி". பதினோராவது தடவை எழுந்து வெளியே போய்விடுவார். அப்படி அவர் வெளியே போவதுதான் எங்களுக்குப் பயம்.

கருவியைப் பழுது பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. குறை சொல்லி வருகிறவரிடம் கருவியை வாங்க மாட்டார். "வாசி" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். கேட்டு முடித்த பிறகுதான் திரும்புவார். அதே போல் என்னையும் நிற்கச் சொன்னார்.

"வாசிக்கிறவன் மூஞ்சியப் பார்க்காதய்யா. அவன் திணர்றதப் பார்த்தேன்னா உன் காது செவிடாயிடும். அவன் கஷ்டம் உனக்கு எதுக்கு? கருவி என்னா சொல்லுதுன்னு கேளு."

இன்னொன்று பதிவேடு. ஐந்து கட்டம். தேதி, கருவி, குறை, காரணம், செய்தது. நான்காவது கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. "காரணம் எழுதாத ரிப்பேரு ரிப்பேரே இல்ல. சும்மா தடவிக் குடுத்து அனுப்பியிருக்கேன்னு அர்த்தம்" என்பார். எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்று என்ன குழம்பு என்பதைக் கூட எழுதுவேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், கலைக்கப்பட்ட ஏதோ ஒரு பட்டாளத்து பாண்டின் சாமான்கள் சென்னையில் ஏலத்துக்கு வந்தபோது மாஸ்டர் போய் ஒரு பாஸ் கிளாரினெட்டைக் கொண்டுவந்தார். நெஞ்சு உயரம் இருக்கும். மேலே வளைந்த பித்தளைக் கழுத்து, கீழே மேல்நோக்கித் திரும்பிய பித்தளைப் புனல், நடுவில் கறுப்பு மரம். சாதாரணக் கிளாரினெட்டில் விரலாலேயே துளையை மூடலாம். இதில் துளைகள் பெரிசு, தூரம் அதிகம். அதனால் எல்லாத் துளைக்கும் தோல் வைத்த மூடி, மூடியை இயக்க நீண்ட தண்டு, தண்டின் முனையில் விரல் வைக்க ஒரு தகடு. பாண்டில் அதை எல்லோரும் 'பெரிசு' என்றோம். ஜில்லாவிலேயே அது ஒன்றுதான் இருந்தது.

மாஸ்டர் அதை வாங்கியது மெட்டு வாசிக்க அல்ல. கல்யாண ஊர்வலத்தில் கீர்த்தனை வாசிக்கும்போது அடியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துச் சுருதி போட ஆள் வேண்டும். சிதம்பரத்துக்காரர்களுக்கு சுருதி இல்லாமல் பாண்டு வாசித்தால் பிடிக்காது. "தகரக் கொட்டகை" என்பார்கள். பெரிசின் அடி ஸ்வரம் வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. நான்கு வீதியிலும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஸ்வரத்துக்கு வலது கைச் சுண்டுவிரலால் ஒரு தகட்டை அழுத்த வேண்டும். அழுத்தினால் புனலுக்கு மேலே இருக்கும் பெரிய மூடி துளையை அடைக்கும். இப்போது வரும் கருவிகளில் அதே ஸ்வரத்துக்கு இடது கையிலும் ஒரு தகடு உண்டு. எங்களுடையது பழைய அமைப்பு. ஊர்வலம் கீழ வீதியில் புறப்பட்டுத் திரும்பும் வரை வலது சுண்டுவிரல் ஒன்றுதான்.

அதற்கு மூச்சுக் கட்டுகிற ஆள் வேண்டும் என்று மாஸ்டர் தேடியபோது கோதண்டத்தை நான்தான் சொன்னேன். என் மனைவியின் தம்பி. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். நிலத்தில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மனைவியோடு குடியிருந்து, கிடைத்த பாண்டு செட்டில் எல்லாம் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தான். பெரிசை முதல் தடவை கையில் வாங்கியபோது, "மாமா, இது என்னை விட உசரமா நிக்குது. இதுக்கு நான் பொண்டாட்டியா, இது எனக்குப் பொண்டாட்டியா?" என்றான். மாஸ்டர் கூடச் சிரித்துவிட்டார். ஆறு மாதத்தில் அவன் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே மறுபடி எடுக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் வருஷத்திலேயே ஒரு தடவை பெரிசு திடீரென்று மக்கர் செய்தது. அடி ஸ்வரம் ஊதினால் மேல் ஸ்வரத்துக்குத் தாவிப் பிளிறியது. மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி நின்றார். மூன்று தடவை கேட்டார். "மேல ஏறிப் பிச்சிக்குது. அடியில தேடாத. கழுத்துல பாரு" என்றார். கழுத்தில் ஊசி குத்தியது போன்ற ஒரு சின்னத் துளை இருக்கிறது. மேல் ஸ்வரங்களுக்கு மட்டும் அதைத் திறக்க வேண்டும். அதன் மூடியை உள்ளேயிருந்து ஏதோ நெம்பிக்கொண்டிருந்தது. குண்டூசியால் எடுத்தேன். கிராம்புத் துண்டு. தொண்டைக்காகக் கோதண்டம் கிராம்பு மெல்லுவான்.

"உன் மச்சான் பெரிசுக்குத் தாளிச்சுக் கொட்டியிருக்கான்" என்றார் மாஸ்டர். நான் பதிவேட்டில் எழுதினேன். காரணம்: கிராம்பு. அன்று முதல் முதுகைத் திருப்பிக் கேட்பதில் எனக்கு அசையாத நம்பிக்கை.

டிரம்பெட்காரர் கேட்ட விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடி ஸ்வரம் மேலே தாவினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஸ்வரம் தாவாமல், சுருதி கொஞ்சம் ஏறிக் காற்றாகக் கலைந்து போனால் அடி மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். முதலில் ஊதுமுனையில் இருக்கும் நாணல் நாக்கை, அதாவது ரீடை, மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு சிகரெட் தாளைக் கீற்றாக வெட்டி மூடிக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, மூடியை அழுத்தித் தாளை இழுக்க வேண்டும். எந்தப் பக்கம் தாள் சுலபமாக வருகிறதோ அந்தப் பக்கம் இடைவெளி. அடுத்து தண்டு வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் இறுகியிருக்கிறதா, மரம் ஈரத்தில் உப்பி மூட்டுகள் இறுகிவிட்டனவா. கடைசியாக, வேறு ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். அதே ஆள் வேறு கருவியை வாசிக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில்தான் குறை கருவியிலா ஆளிலா என்பது தெரியும்.

சுதந்திரம் வந்த வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, கோதண்டம் சிதம்பரத்திலிருந்து ரயிலில் பெரிசைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"திடீர்னு நின்னுபோச்சு மாமா. நேத்து மேல வீதி திரும்பறப்ப சுருதி அப்படியே காத்தாப் போவுது. அமுக்கி அமுக்கிப் பார்க்கறேன், நிக்க மாட்டேங்குது."

"மழையில நனைஞ்சியா?"

"நான் நனைஞ்சேன். பெரிசு நனையல. என் சட்டையக் கழட்டி அதுக்குப் போட்டேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

உட்காரச் சொல்லி, "வாசி" என்றேன். சுவரைப் பார்த்து நின்றேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். அடி ஸ்வரம் பிசிறில்லாமல் வந்தது. நான்கு நிமிஷம் நின்றது. பிறகு சுருதி ஒரு மயிரிழை ஏறியது. காற்றுக் கலந்தது. போய்விட்டது. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடி நான்கு நிமிஷம்.

முதலில் நன்றாக வந்து, வாசிக்க வாசிக்கக் கெடுகிறது என்றால் மூச்சு ஈரம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். தோல் ஈரத்தில் உப்பி, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. நியாயமான முடிவு. இன்று யாராவது இதே குறிப்பை என்னிடம் காட்டினாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நானும் வாசித்துப் பார்த்தேன். என் மூச்சுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. அந்த ஒரு நிமிஷம் ஸ்வரம் சுத்தமாக நின்றது. அவனுக்கும் முதல் ஒரு நிமிஷம் நிற்கத்தானே செய்தது? பாண்டில் வேறு யாருக்கும் நான்கு நிமிஷம் பிடிக்கிற மூச்சு இல்லை. அவன் வாசித்துப் பார்க்க வேறு பெரிசும் இல்லை. கடைசிச் சோதனை இரண்டு பக்கமும் அடைபட்டுக் கிடந்தது.

பதிவு: அடி மூடி. காரணம்: மூச்சு ஈரத்தில் தோல் உப்பல். செய்தது: புதுத் தோல், மெழுகு.

தை மாதம் மறுபடி வந்தான். இந்தத் தடவை இரண்டரை நிமிஷம். சிகரெட் தாள் எல்லாப் பக்கமும் இறுக்கமாகவே பிடித்தது. தோலில் குறையில்லை. தகட்டை அழுத்திப் பார்த்தபோது ஸ்பிரிங் கொஞ்சம் முரடாக இருப்பதாகப் பட்டது. தையல் ஊசியைச் சூடாக்கிப் பதம் இறக்கி, மெலிசான ஸ்பிரிங் ஒன்று செய்து மாட்டினேன்.

"ஆகா! இப்ப வெண்ணெ மாதிரி இருக்குது மாமா. முன்னாடியே இதப் பண்ணியிருக்கலாம்ல?" என்றான்.

பத்து நிமிஷம் விடாமல் வாசித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பதிவு: காரணம்: ஸ்பிரிங் இறுக்கம்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அவன் போன பிறகு என் மனைவி இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, தம்பி கையப் பார்த்தீங்களா? ரசம் சாதம் பிசையறப்ப சுண்டுவிரல் பக்கமா ஒழுகுது. இல முழுக்கச் சிந்தி வச்சிருக்கான். சின்னப் புள்ள மாதிரி."

"பெரிசு எடை ஜாஸ்தி. நாள் பூரா பிடிச்சா கை அசந்து போவும்" என்றேன்.

"விரல் ஓரத்துல பீடி சுட்ட காயம் வேற. கேட்டா, எப்ப சுட்டுதுன்னே தெரியாதுங்கறான்."

இப்போது நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் மிளகு ரசம் என்று இருக்கிறது. புது ஸ்பிரிங்கின் நீளம் இருக்கிறது. அவள் சொன்னது இல்லை.

பங்குனியில் மூன்றாவது தடவை. "விரல் தகட்டுல நிக்க மாட்டேங்குது மாமா, வழுக்குது" என்றான். முதுகைத் திருப்பிக் கேட்டேன். ஒன்றேகால் நிமிஷம். தகடு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது என்று எண்ணினேன். அதன் மேல் பித்தளைத் துண்டு ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்து, அகலத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினேன். தகட்டின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எழுதியிருக்கிறேன். விரலை அளக்கவில்லை. பதிவில் கடைசியாக, ஓரங்களை அரம் போட்டு மழுக்கினேன் என்றும் இருக்கிறது.

சித்திரையில் நான்காவது தடவை வந்தபோது அவன் முதல் தடவையாகச் சிரிக்காமல் வந்தான். தகட்டை இன்னும் உள்ளே தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டான். தள்ளி வைத்து, காரணம்: தகடு விரலுக்கு எட்டாதது என்று எழுதினேன். மாஸ்டர் வந்து பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்.

"நாலு காரணம் எழுதியிருக்க. ஒரு குறைக்கு நாலு காரணம் இருக்காதுய்யா."

"எல்லாம் சேர்ந்து இருந்திருக்கலாம் மாஸ்டர்."

"வைகாசியில தெற்கு வீதியில பெரிய எடத்துக் கல்யாணம். சுருதி நின்னா நம்ம பேரும் நிக்கும். அதுலயும் மக்கர் பண்ணா நான் பெரிச வித்துடுவேன். உன் மச்சான் வேற வேலை பார்த்துக்கட்டும். கிளாரினெட்டுக்கு எனக்கு ஆள் நெறைய இருக்கு."

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாஸ்டர் போன பிறகு, "எப்படியாச்சும் பண்ணிடுங்க மாமா. வீட்ல இப்ப மூணு மாசம்" என்றான். அவன் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பெரிசு இல்லாவிட்டால் அவனுக்கு நிலத்துக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. கருவியை முழுக்கப் பிரித்து, மறுபடி பூட்டினேன். இரண்டு நாள் ஆனது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. குறை இல்லாதது எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை, பயமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பயம் என்னை எங்கே பார்க்கச் சொல்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

தெற்கு வீதிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு மாலை வெயில் தாழ்ந்ததும் கீழ வீதியில் புறப்பட்டது. நான் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம் போல் பாண்டுக்குப் பின்னால் நடந்தேன். வாசிக்கிறவர்களின் முதுகுதான் எனக்குத் தெரியும். முதல் கீர்த்தனையில் சுருதி நின்றது. இரண்டாவதில் ஏறியது, இறங்கியது. தெற்கு வீதி திரும்பும் மூலையில் காற்றாகக் கலைந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே இடது கையைத் தூக்கினார். தவில் மட்டும் தொடரட்டும் என்று சைகை. மற்றவர்கள் நிறுத்தினார்கள்.

"சுருதி எங்கய்யா?" என்றார். என்னைத்தான் கேட்டார். குரல் உயரவில்லை.

வரிசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடினேன். கோதண்டத்துக்கு நேர் எதிரே நின்றேன். அந்த எட்டு மாதத்தில் அவன் வாசிக்கும்போது நான் எதிரே நின்றது அப்போதுதான். தோல் வாரில் தொங்கும் பெரிசை அவன் இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கொக்கி போல உள்ளே மடங்கியிருந்தன. சுண்டுவிரல் தகட்டின் மேலேயே இல்லை. உள்ளங்கையின் ஓரத்தால் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தான். கையிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வழிந்து பித்தளைப் புனல் மேல் விழுந்துகொண்டிருந்தது.

நான் பற்றவைத்த தகட்டின் ஒரு மூலையில் அரம் படாமல் விட்டுப்போயிருந்தது. அது தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது.

"டேய், வலிக்கலையாடா?"

ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "என்னா மாமா?"

"கை!"

குனிந்து பார்த்தான். யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான். "அட" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன நினைத்தேன் என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. சுருதி இல்லாமலே ஊர்வலம் போனது.

மறுநாள் காலை கடலூரில் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் எதுவும் கேட்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார். முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். நரம்பு கயிறு போலத் தடித்துக் கிடந்தது. கோதண்டத்தைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "பஞ்சு தொடறப்ப எல்லாம் தொட்டுச்சுன்னு சொல்லு" என்றார். கட்டைவிரலைத் தொட்டார். "தொட்டுச்சு." நடுவிரல். "தொட்டுச்சு." சுண்டுவிரல், உள்ளங்கை ஓரம், மணிக்கட்டு. கோதண்டம் கண்ணை மூடியபடி, கவனமாக, காத்துக்கொண்டே இருந்தான்.

பெருவியாதி என்று ஊரில் சொல்கிறார்களே, அது. டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நரம்பில் வந்திருக்கிறது, தினமும் ஒன்றாக இருப்பதால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்வதில்லை, ஊசி இருக்கிறது என்றார். "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"திடீர்னுதான் டாக்டர்" என்றான் கோதண்டம்.

நான் பாண்டின் ரிப்பேர் பட்டறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து அவர் மேஜையில் வைத்தேன். வேறு எப்படிப் பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் நான்கு பதிவையும் படித்தார். நான்கு நிமிஷம், இரண்டரை நிமிஷம், ஒன்றேகால் நிமிஷம். ஸ்பிரிங் மெலிசு. தகடு அகலம். தகடு உள்ளே.

"எந்த வியாதிக்காரன் பத்தியும் இவ்வளவு துல்லியமா யாரும் எழுதிக்கிட்டு வந்ததில்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"ஐப்பசியிலேயே கூட்டிக்கிட்டு வந்திருந்தா விரலு திரும்பியிருக்குமா டாக்டர்?"

அவர் பதிவேட்டை மூடினார். "திரும்பியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. திரும்பியிருக்காதுன்னும் சொல்ல முடியாது."

இந்தப் பதிலோடுதான் இத்தனை வருஷம் இருக்கிறேன். ஸ்பிரிங்கை நான் மெலிசாக்கியிருக்காவிட்டால் அவன் விரல் தையிலேயே தோற்றிருக்கும், யாராவது பார்த்திருப்பார்கள். என் வேலைத்திறமைதான் அவன் வியாதியை நான்கு மாதம் மறைத்து வைத்தது.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. "நீ திரும்பி நின்னது நான் சொல்லித்தானே" என்றார். பாண்டில் விஷயம் தெரிந்துபோனது. பெரிசை யாரும் தொட மாட்டேன் என்றார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டினோம். விற்கவும் முடியவில்லை. பல வருஷம் கழித்து, விஷயம் தெரியாத ஒருவர் சேர்ந்த பிறகுதான் அது மறுபடி வெளியே வந்தது.

கோதண்டத்தின் மனைவியை அவள் வீட்டார் வந்து கூட்டிப்போனார்கள். சந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவன் சேத்தியாத்தோப்புக்குப் போனான். அங்கே மாட்டுக் கொட்டகையில் தட்டி வைத்து மறைத்து இடம் கொடுத்தார்கள். என் மனைவி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாரம் ஒரு நாள் ஊசிக்காகப் பஸ்ஸில் கடலூர் வருவான். தூண்டில் முள் போலக் குத்தும் ஊசி, மருந்து நீரடிமுத்து எண்ணெய். விரல்கள் நிமிரவில்லை. சில மாதம் கழித்து, வேறு ஜில்லாவில் இந்த வியாதிக்காரர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இடத்துக்குப் போவதாகச் சொன்னான். அங்கிருந்து மூன்று கார்டு வந்தன, வேறு வேறு கையெழுத்தில். பிறகு வரவில்லை. என் மனைவி எழுதிய கார்டுகள் திரும்பியும் வரவில்லை.

போவதற்கு முன்னால், ஓர் ஊசி நாளில், பட்டறைக்கு வந்தான். வாசல்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வாடா" என்றேன்.

"இங்கயே இருக்கேன் மாமா. பெரிசு இருக்குதா?"

"இருக்கு."

"ஒரு தடவ வாசிங்க. அந்த அடி சுருதி மட்டும். எனக்கு ஒரு சந்தேகம்."

பெட்டியைத் திறந்து, பகுதிகளைப் பூட்டி, கழுத்தைச் செருகினேன். ஊதுமுனையை எடுத்தேன். கடைசியாக அவன் வாய் வைத்தது. என் கை தானாக அலமாரியில் இருந்த ஸ்பிரிட் புட்டியை எடுத்தது. துணியில் ஊற்றித் துடைத்தேன். இரண்டாவது தடவை ஊற்றியபோதுதான் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது உறைத்தது.

"தொடச்சுக்கோங்க மாமா" என்றான். "நல்லாத் தொடச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ரீடைப் பொருத்தி, வலது சுண்டுவிரலை நான் செய்த அந்த அகலமான தகட்டில் வைத்து ஊதினேன். ஸ்வரம் வந்தது. என்னால் முடிந்த மட்டும் பிடித்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். பிசிறில்லை, காற்றில்லை, ஒரு மயிரிழை ஏறவில்லை. மூச்சுத் தீர்ந்து நிறுத்தியபோதும் அவன் திரும்பவில்லை.

"கருவியில குறை இல்ல மாமா" என்றான் தெருவைப் பார்த்தபடி. "எழுதிக்கோங்க."

அப்படியே படி இறங்கி, பஸ் நிற்கும் பக்கம் நடந்தான். நான் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டேன். கருவி: பாஸ் கிளாரினெட். குறை: இல்லை. காரணம் என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் இன்றும் மைப்புள்ளி ஒன்று மட்டும் இருக்கிறது.